சீனி வருத்தமும் கண்ணுக்கு லேசரும்

மண்டூர்ப் பக்கம் சீனி வருத்தக்காரர் ஒருவரிடம் கண் டொக்டர் ‘லேசர் பிடிக்க வேணும்’ என்று சொல்லிவிட்டால், அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் நித்திரை வராது. ‘கண்ணை எரிச்சுப் போடுவாங்களோ?’ என்ற பயம். பாதைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போக நாள் குறித்த பிறகும், இந்தப் பயத்தால் போகாமல் விடுகிறவர்கள் உண்டு.

எரிப்பது உண்மைதான். அதை மறைக்கத் தேவையில்லை. எதை எரிக்கிறார்கள், ஏன் எரிக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

சீனி பல வருடம் கூடிக் கிடந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடும். பிராணவாயு கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளரத் தூண்டும். அப்படி முளைப்பவை நலிந்த குழாய்கள். வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியும், சில வேளை விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். லேசரின் பச்சை ஒளி, கண்ணாடி யன்னலை வெயில் கடப்பதுபோல, கண்ணின் முன்பக்கத்தைச் சேதமில்லாமல் கடந்து, விழித்திரையின் நிறமியில் பட்ட பிறகே சூடாகிறது. நடுப் பார்வைக்குரிய இடத்தைத் தொடாமல், ஓரங்களில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சுடுகிறார்கள். பிராணவாயு கேட்கும் பகுதி குறைய, புதுக் குழாய்கள் வாடிப்போகும். ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கடுமையான பார்வை இழப்பை இச்சிகிச்சை பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. முகம் பார்க்க, வாசிக்க உதவும் பார்வைக்காக ஓரப் பார்வையில் வரும் அந்தக் குறைவை ஏற்பதே புத்தி.

விறைப்பதற்குக் கண்ணில் துளி மருந்து, நாடியைத் தாங்கும் கருவி, கண்ணில் ஒரு வில்லை, பிறகு பளிச் பளிச்சென்று ஒளி. சிலருக்குச் சுருக்கென்று குத்தும். அன்றே வீடு திரும்பலாம்.

சுடாமல் செதுக்கும் லேசரும் உண்டு. அதன் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருப்பது நமக்குப் பெருமை. 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பர் 27ஆம் திகதி, அமெரிக்க ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், முதல்நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டில் புறஊதா லேசரைச் செலுத்தினார். வெட்டு துப்புரவாக விழுந்தது. பக்கத்துத் தசை கருகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்ற உதவும் லாசிக் சிகிச்சை அதிலிருந்து வந்ததுதான்.

நேயர்களே, சீனி வருத்தத்துக்கான லேசர் இருக்கிற பார்வையைக் காக்கும். போனதைத் திருப்பித் தராது. ஆரம்பத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. ஆகவே கண் தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு விழித்திரையைக் காட்டுங்கள். மருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும். தனியே மோட்டார் சைக்கிளில் போகாமல் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். கிளினிக்கில் நாள் தந்திருந்தால் தவறவிடாதீர்கள்.