நாக்கு நீலமான நாட்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், சுகாதார சேவையில் பணிபுரியும் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் வேலை செய்யும் பழைய மாணவிகள் நாங்கள் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். 'பெண்களும் ஆரோக்கியமும்' என்று சங்கம் தலைப்புத் தந்தது. அது பெரிய தலைப்பு. அதற்குள் பழத்தையும் குருதிக் குழாயையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

தோட்டத்திலிருந்து தெரணியகலைக்குப் பாடசாலை வந்த பாதை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இறப்பர் மலை முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு பற்றைக்காடு. சிங்களப் பிள்ளைகள் 'தங்' என்று சொல்லும் சிறுநாவல் அங்கே கறுத்துத் தொங்கும். ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியாச் செடியில் பழம் பிளந்து கிடக்கும். வீட்டுத் தோட்டங்களில் லொவி சிவந்திருக்கும். முதல் மணி அடிக்கும்போது நாக்கு நீலம், வெள்ளைச் சட்டையில் கறை. "நாக்கை நீட்டு" என்று டீச்சர் கேட்பார். வீட்டிற்குப் போனால் சட்டைக் கறைக்கு அம்மாவிடம் அடி.

நாக்கையும் சட்டையையும் கறையாக்கிய அந்த நிறப்பொருளின் பெயர் அந்தோசயனின். நாவல், திராட்சை, ஸ்ட்ரோபெரி, புளூபெரி எல்லாவற்றிலும் சிவப்பையும் நீலத்தையும் தருவது அதுதான்.

நம் குருதிக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஒரு கல வரிசை, மெல்லிய படலம் போலப் பரவியிருக்கிறது. குருதி வேகமாக ஓடும்போது இந்தப் படலம் நைத்திரிக் ஒக்சைட்டு என்னும் வாயுவைச் சுரக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை அதனால் தளரும், குழாய் விரியும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. புகை, சீனி வியாதி, உயர் குருதியமுக்கம், வயது ஆகியவை இந்தப் படலத்தைக் கெடுக்கின்றன. இறப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்: புது இறப்பர் குழாய் நெகிழும், வெயிலில் கிடந்த பழைய குழாய் விறைத்து வெடிக்கும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 40 ஆரோக்கியமான பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம், தினமும் 200 கிராம் காட்டுப் புளூபெரிக்குச் சமமான பானம் குடித்தவர்களின் குழாய்கள் முன்னிலும் நன்றாக விரிந்தன. மேல் அமுக்கம் சுமார் 5 அலகு குறைந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் இன்னொரு பரிசோதனை வெளியானது. இருதய நோய் வரும் அபாயமுள்ள 115 பேரை வைத்து ஆறு மாதம் புளூபெரித் தூளைப் பரிசோதித்தார்கள். தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமாகச் சாப்பிட்டவர்களுக்குக் குழாய்கள் தேறின. பாதி அளவு எடுத்தவர்களுக்குப் பலன் இல்லை. யாருக்கும் பிரஷர் குறையவும் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் அமெரிக்கப் புளூபெரிப் பயிர்ச்செய்கையாளரின் சபையும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றிய பெரிய ஆய்வு 2013இல் வந்தது. அமெரிக்கத் தாதியர் 93,600 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஸ்ட்ரோபெரி, புளூபெரி வாரம் மூன்று தடவைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைவாகவே வந்தது. ஆனால் பழம் சாப்பிடுகிறவர்களிடம் வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். எனவே பழம் மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நமக்குக் கிட்டிய பழம் நெல்லி. அதில் அந்தோசயனின் குறைவு. விற்றமின் சியும் துவர்ப்புப் பொருள்களும் அதிகம். ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் சீனி வியாதிக்காரர் 80 பேரைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடத்தி, 2013இல் வெளியிட்டார்கள். நெல்லிச் சாரத்தைப் பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களுக்குக் குழாய்ப் படலத்தின் வேலை சீரடைந்தது. கொடுத்தது அளந்து தயாரித்த மருந்துச் சாரம், நாம் போடும் உப்பு ஊறுகாய் அல்ல.

இப்போது, பழத்தைப் பற்றிப் பேச ஏன் எண்ணினோம் என்று சொல்கிறோம். நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் ஒருத்தி. அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். இருபது வருடம் கொழுந்து பறித்தவள். பிரஷர் குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். அந்த நேரம் யாரோ சொன்னார்கள், நெல்லிச்சாறு குடித்தால் குளிசை தேவையில்லை என்று. நிறுத்திவிட்டாள். தலையிடியும் இல்லை, மயக்கமும் இல்லை, சுகமாகிவிட்டது என்று நினைத்தாள். நான்காம் மாதம் பாரிசவாதம். வலக்கை இன்றைக்கும் எழவில்லை. எங்கள் வகுப்பில் அழகான கையெழுத்து அவளுடையதுதான். இன்று முன்வரிசையில் இருக்கிறாள். "என்னைச் சொல்லியாவது மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றாள்.

ஆகவே மூன்று விடயம்.

ஒன்று, பழம் உணவு. அது குளிசைக்குப் பதில் அல்ல. பிரஷர் கூடினாலும் பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, புளூபெரியைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டாம். சிறுநாவல், லொவி, நெல்லி, கொய்யா, கிடைப்பதைப் பழமாகவே சாப்பிடுங்கள். சீனிப்பாகில் போட்டால் சீனியும், ஊறுகாய் போட்டால் உப்பும் கூடிவிடும். எந்தப் பழமும் நல்லதுதானே என்று காமரங்காயையும் பிலிங்காயையும் சாறாக்கி நிறையக் குடிக்காதீர்கள். அவற்றிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தைத் தாக்கும். நம் நாட்டிலேயே அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அவற்றைத் தொடவே கூடாது.

மூன்று, அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று இந்தப் பாடசாலையில்தான் படித்தோம். நம் லயத்தில் நடப்பது வேறு. ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தால் பிள்ளைகளுக்கு, பிறகு அவருக்கு, பிறகு மாமியாருக்கு. நமக்குத் தோல்தான் மிச்சம். குளிசை வாங்கவும் கடைசியாகப் போகிறவள் வீட்டுப் பெண்தான்.

நூறு வயதான சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பாடசாலை வேலியோரம் சிறுநாவலும் நெல்லியும் நடுவோம். வருடாந்தக் கூட்டத்தில் ஒரு மேசை போட்டு, வருகிற எல்லோருக்கும் பிரஷர் பார்ப்போம். கருவியோடு நாங்கள் வருகிறோம். மரம் காய்க்கும்போது பிள்ளைகளின் நாக்கு நீலமாகட்டும். டீச்சர்மாரே, அன்றைக்கு மட்டும் அடிக்காதீர்கள்.