வாய்க்கால் நீரும் தண்டனைச் சட்டமும்



குற்றம் என்றதும் நாம் நள்ளிரவுக் கள்வனையே நினைக்கிறோம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையோ நம் வயல் வரம்பிலும் வந்து நிற்கிறது.

இரணைமடு நீரை நம்பியே நாம் பயிர் செய்கிறோம். பிறர் பயிருக்குரிய நீர் குறையும் என்று அறிந்தும் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புபவன், சொத்துக்குத் தீங்கிழைத்த குற்றவாளி ஆவான். அதற்காக அவனை மண்வெட்டியால் அடிப்பவரோ ஆளுக்கு எதிரான குற்றம் புரிகிறார். எலும்பு முறிந்தால் அது பாரதூரமான காயம். முறைப்பாட்டுக்காரராக நிற்க வேண்டியவர் எதிரிக்கூண்டில் நிற்கிறார்!

சொத்தைக் காக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆயினும் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடந்தராது. அதிகாரிகளை நாட அவகாசமிருந்தால் அவ்வுரிமையே இல்லை. மறுநாள் தேடிச் சென்று அடிப்பது பாதுகாப்பு அன்று, பழிவாங்கலே.

ஆகவே, முதலில் கமக்காரர் அமைப்பிடம் முறையிடுவோம். தீராவிடில், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடுவோம்.

ஒரு போகம் பொய்த்தால் மறுபோகம் விளையும். போன உயிர் விளையுமா? இளைஞர்களே, ஓங்கிய மண்வெட்டியைத் தடுக்கும் முதற்கை நம்முடையதாகட்டும்.