திருப்பணிச் செல்வி செம்பியன் மாதேவியார்



கடாரம் என்றதும் தமிழர் நெஞ்சில் எழும் பெயர் முதலாம் இராசேந்திர சோழன். கி.பி. 1025ஆம் ஆண்டளவில் அவனது கடற்படை இக்கரைக்கு வந்தது. அம்மன்னனுக்குக் கொள்ளுப்பாட்டி முறையினரான ஓர் அரசியின் தொண்டோ, போர்ப்புகழுக்கும் மேலாக இன்றும் நிலைத்து நிற்கிறது. அவரே செம்பியன் மாதேவியார்.

திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் தேவியாகவும், உத்தம சோழரின் அன்னையாகவும் விளங்கியவர் இவர். இளமையிலேயே கணவரை இழந்தார். எனினும் துயரில் முடங்காது, அரசர் பலர் மாறிய பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுதும் அறப்பணியில் நின்றார். செங்கற்றளிகள் பலவற்றைக் கருங்கற்றளிகளாக எடுப்பித்தார். கோனேரிராசபுரம், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம், ஆடுதுறை ஆகிய தலங்கள் அதற்குச் சான்று பகரும்.

அன்பர்களே, அவர் திருப்பணி செய்த முறையைக் கருதுங்கள். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, முன்னோர் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். விளக்கெரிக்க நிலமும் ஆடும் பொன்னும் ஈந்தோரின் அறம் அதனால் அழியாது நின்றது. கோனேரிராசபுரத்தில், கோயிலை எடுத்த சாத்தன் குணபத்தன் என்பாரின் பெயரும் கல்லில் இடம்பெற்றது. அரசியின் பெயரோடு பணியாளரின் பெயரும் வாழ்கிறது!

நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் உள்ளது. அந்த நாகையில்தான் கடாரத்து அரசர் சூடாமணி விகாரத்தை எழுப்பினர்; அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கினான். ஆகவே அம்மண்ணுக்கும் கெடாவுக்கும் உள்ள உறவு பழமையானது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இதே கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், பதினோராம் எண் சண்டி எனப்பட்ட தொன்மைச் சின்னம் நில மேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. போனது போனதே. நம் தோட்டப்புறக் கோயில்களோ பால்மரத் தொழிலாளர் தம் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பியவை. தோட்டங்கள் கைமாறியபோது அவற்றுட் பல இடம்பெயர்ந்தன. பழைய கல்லும் பெயர்ப்பலகையும் கணக்கேடும் குப்பையோடு போகுமானால், அம்மக்களின் அறமும் உடன்போகும்.

ஆதலின் திருப்பணி தொடங்குமுன் பழைய பெயர்களைப் படியெடுங்கள், நிழற்படம் எடுத்துவையுங்கள், புதிய சுவரில் அவற்றுக்கு இடந்தாருங்கள். ஒரு வெள்ளி அளித்தவர் பெயரும் விடுபடலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செம்பியன் மாதேவியார் காட்டிய நெறி இது. அந்நெறி நின்று திருப்பணி செய்வோம்.