தாய்வீடு தொலைவிலிருக்கும் ஊரில் தலைப்பிள்ளை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழாவில் பேசுவோர் மொழியின் தொன்மை பற்றியோ காப்பியங்களின் நயம் பற்றியோ பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் விடுப்புப் பதிவேடு எழுதிவரும் எனக்கு அத்துறையில் வேலை இல்லை. ஆயினும் என் மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் ஒரு செய்தியை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டில் தாயும் தகப்பனும் படும் மனப்பாடு பற்றியது அச்செய்தி. அதைப் பற்றி மேடையில் பேசுவாருண்டோ என்று சிலர் கேட்கலாம். கரக்பூரில் நாமிருக்கும் நிலையில் பேசத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் இலக்கியத்தில் குழந்தைக்கு இடம் குறைவன்று. வள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பிள்ளைத்தமிழ் என ஒரு நூல்வகையே காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களோடு வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் மூன்றாம் திங்களிலிருந்துதான் பாடச் சொன்னார்கள். முதலிரண்டு திங்களுக்குப் பாட்டில்லை. புலவர்கள் இதற்கு வேறு காரணம் கூறக்கூடும். எனக்குத் தோன்றுவது, அந்த இரண்டு திங்களில் வீட்டில் எவருக்கும் பாடத் தெம்பிருந்திராது என்பதே. (சிரிப்பு)

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தையின் அழுகை இரண்டாம் வார அளவில் ஏறத் தொடங்கி, ஆறாம் வார அளவில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது என்று மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மாலையிலும் முன்னிரவிலும் அது மிகுதி. பால் குடித்து, துணி மாற்றி, நோய் ஒன்றுமில்லாத குழந்தையும் அப்படி அழும். பிறந்த குழந்தை நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் உறங்கும் என்பது மெய். ஆனால் அதை இரண்டு மணி, மூன்று மணித் துண்டுகளாக்கி, நள்ளிரவென்றும் நண்பகலென்றும் பாராமல் உறங்கும். அதன் தாய்க்கு அத்துண்டுகளில் பாதிதான் கிடைக்கும். ஆறாம் வாரத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் மிகுந்தால், வளர்ப்புக் குறை என்று அண்டை வீட்டார் முடிவு கட்டலாகாது. காலண்டரைப் பார்க்கவேண்டும்.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். ஊரிலே இருந்தால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே வெந்நீர் போட ஒருவர், பத்தியச் சோறாக்க ஒருவர், இரவில் ஏணையை ஆட்ட ஒருவர். இங்கிருந்து சென்னை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோரமண்டலில் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டும். மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொன்னாலும், மூத்த பிள்ளை பள்ளியில் படித்தாலும், பிரசவம் இங்கேதான். அப்போது பெண்ணின் தாயார் புறப்பட்டு வருவார். நாற்பது நாள் இருப்பார். பிறகு அவருக்கும் ஊரில் வீடு உண்டு, வயலோ கடையோ உண்டு, தனியே சமைத்துண்ணும் கணவர் உண்டு. அவர் போகத்தான் வேண்டும்.

அந்த நாற்பத்தோராம் நாளைத்தான் நான் அஞ்சுகிறேன். பிரசவ வலிக்கு எல்லாரும் கூடிவிடுகிறோம். பெயர் சூட்டும் நாளில் தொட்டிலைச் சுற்றி நிற்க இடமிருப்பதில்லை. தாயாரை ரயிலேற்றிவிட்டு மகள் கைக்குழந்தையோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் மாலையில் அவ்வீட்டுக் கதவை எவரும் தட்டுவதில்லை. மேலே சொன்ன கணக்கை நினைவிற்கொள்ளுங்கள்: ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். அழுகை உச்சத்திலிருக்கும் வாரமும் பாட்டி போகும் வாரமும் ஒன்றேதான். ஊருக்குப் போய்ப் பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகிறவர்களுக்கு அழுகை சற்றுக் குறைந்திருக்கும், தனிமை குறைந்திராது.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அம்மா ஒன்று சொல்கிறார், மாமியார் வேறொன்று சொல்கிறார், நாத்தனார் ஒரு வீடியோவை அனுப்புகிறார், அந்த வீடியோ மூவர் சொன்னதையும் மறுக்கிறது. குழந்தையின் எடை என்ன என்று தினமும் கேட்கிறார்கள். பால் போதவில்லை என்னும் அச்சம் இப்படித்தான் பிறக்கிறது. பிறந்த சில நாளில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது மீளும். முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால், பால் போதும் என்று கொள்ளலாம். இதனை ஒரு தாய்க்கு ஒரு முறை நிதானமாகச் சொன்னால், பத்து இரவுகளின் கலக்கம் தீரும்.

இப்போது மனத்தின் செய்தி. பிரசவமானதும் உடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புகள் திடீரென்று வீழ்கின்றன. மூன்றாம் நாள் நான்காம் நாள் அளவில் காரணமின்றிக் கண்ணீர் வரும், எரிச்சல் வரும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வரும். பெரும்பாலான தாய்மாரை இது ஓரளவேனும் தொட்டுச் செல்கிறது. இரண்டு வாரத்தில் தானே அகலும். ஓய்வும் உணவும் பரிவும் போதும். இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்காமல், உண்ண மனமின்றி, குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமல், நான் நல்ல தாயல்லள் என்ற எண்ணமே அரித்துக்கொண்டிருந்தால் அது வேறு. அது மனச்சோர்வு நோய். காய்ச்சலுக்கு எப்படி மருத்துவர் உண்டோ அப்படியே இதற்கும் உண்டு. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்தையும் அவர்களே தேர்ந்து தருவார்கள்.

இதனைக் கண்டறிய 1987ஆம் ஆண்டில் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்னும் மூவர் எடின்பரோ அளவுகோல் என ஒன்றை வெளியிட்டனர். கேள்விகள் பத்தே. கடந்த ஏழு நாளில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும். சிரிக்க முடிந்ததா, வீணாக உங்களையே நொந்துகொண்டீர்களா என்ற வகையில் சென்று, பத்தாவதாகத் தன்னைத்தானே ஊறுபடுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அவ்வெண்ணத்தைக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டில் இன்னும் கடுமையான சித்தக் கலக்கம் வரும். இல்லாத குரல் கேட்கும், உறக்கமே இராது, பேச்சுத் தொடர்பற்றுப் போகும். அதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். வேப்பிலை அடிப்பதற்கு அது நேரமன்று.

நம்மிடையே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் இசைவு பெற்றே சொல்கிறேன். யார் என்று எவரும் தேடவேண்டாம். கணவர் வண்டி ஓட்டுபவர். தாயார் ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாளிலிருந்து அந்தப் பெண் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். தலை வாருவதில்லை. குழந்தையை மட்டும் ஒரு நாளில் மூன்று முறை குளிப்பாட்டுவார். ‘கொழுப்பு’ என்றனர் சிலர். ‘கண்பட்டுவிட்டது’ என்றனர் சிலர். கணவர் லைனில் இருந்த ஓர் இரவு, மணி இரண்டிருக்கும், எதிர் வரிசையில் வாழும் மூத்த அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினார். குழந்தையை நீட்டி, “அம்மா, இவனை நீங்க வச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா இவனுக்கு நல்லதில்ல” என்றார்.

அந்த அம்மையார் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். “என்ன பேச்சு இது” என்று அதட்டவில்லை. தாம் ஐந்து பெற்ற கதையைத் தொடங்கவில்லை. “உள்ள வா கண்ணு, முதல்ல உக்காரு” என்றார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ரசஞ்சோறு பிசைந்து கையில் கொடுத்தார். அந்தப் பெண் உண்டு முடித்து, அங்கேயே படுத்து, விடியும்வரை உறங்கினார். விடிந்ததும் அம்மையாரே உடன் சென்று மருத்துவரைக் காணச் செய்தார். சில மாதங்கள் சிகிச்சை நடந்தது. இன்று நலமாயிருக்கிறார். கதவைத் தட்ட அவருக்கு ஒரு வீடு இருந்தது. எத்தனை வரிசைகளில் அப்படி ஒரு வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்; என் எண்ணிக்கை எனக்கு நிறைவளிக்கவில்லை.

தகப்பன்மாரையும் விட்டுவிடக் கூடாது. இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து படுக்கும் ஒருவருக்கு, இரண்டறை வீட்டில் உறக்கம் எங்கிருந்து வரும்? உறங்காமல் அவர் மீண்டும் வண்டியேறுவது பயணிகளுக்கும் நல்லதன்று. வீட்டிலோ, தமக்கு இங்கு வேலையில்லை, தாம் வேண்டப்படவில்லை என்ற மனக்குறை. பணக்கவலை வேறு. மனச்சோர்வு தந்தையரையும் பற்றுவதுண்டு என்று இக்காலத்தில் மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவோ குடியாகவோ வருவதும் உண்டு. அழும் குழந்தையை ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. கழுத்து வலுவற்ற பருவம். மூளையில் இரத்தம் கசியும். கோபம் பொங்கினால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் திண்ணைக்கு வந்து நில்லுங்கள். ஐந்து நிமிட அழுகையால் எக்குழந்தைக்கும் கேடில்லை.

விடுப்பு என் துறையாதலால் அதனையும் கூறிவிடுகிறேன். 1997 முதல் மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் தனி விடுப்பு உண்டு, ரயில்வேயிலும் அப்படியே. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாயிருக்கவேண்டும். கணக்கிலுள்ள வேறு விடுப்பில் இது கழியாது. பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்த ஆறு மாதம் வரை எடுக்கலாம், பிறகு காலாவதியாகிவிடும். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் பிரசவ நாளுக்கே எழுதப்பட்டவை. அப்போது வீட்டில் பாட்டி இருக்கிறார், அத்தை இருக்கிறார், தகப்பனார் பழம் வாங்கப் போய்வருகிறார். மாமியார் ஊருக்குத் திரும்பும் நாளுக்கு இவ்விடுப்பை வைத்துக்கொண்டால் என்ன என்று இளைஞர்களைக் கேட்கிறேன். ‘பிரசவம் அவளுக்கு, விடுப்பு உனக்கா?’ என்று கேலி செய்யும் மூத்தவர்கள் எல்லாப் பிரிவுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவையில்லை. விண்ணப்பத்தை மட்டும் உரிய காலத்தில் கொடுங்கள். பணியிலிருக்கும் தாய்மார்க்கு 2008 முதல் மகப்பேற்று விடுப்பு 180 நாள் என்பதும், பிள்ளை வளர்ப்புக்குத் தனியே 730 நாள் உண்டு என்பதும் பலரும் அறிந்ததே.

அண்டை வீட்டாரிடமிருந்தும் கற்க நமக்கு உண்டு. வங்காளிகள் குழந்தை பிறந்த எட்டாம் நாளில் ஆட்கௌரே என்று கொண்டாடுகிறார்கள். தெருப்பிள்ளைகள் கூடி முறத்தைத் தட்டிக் கூவுவார்கள். எட்டு வகை வறுத்த தானியம் அவர்களுக்குக் கிடைக்கும். குழந்தை வந்த செய்தி தெருவுக்கே உரியதாகிவிடுகிறது. நம் வழக்கத்தில் தீட்டு என்று விலகி நிற்கும் நாட்களில் அவர்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நம்மினும் பெருந்தொகையினராய் இங்கு வாழும் தெலுங்கு மக்களின் வீடுகளிலும் பேறுகாலத்துக்கு உறவினர் ஒருவரேனும் உடனிருக்கக் கண்டிருக்கிறேன். நமக்கோ எண்ணிக்கை குறைவு; உறவு தொலைவு. ஆதலால் சங்கம்தான் உறவாகவேண்டும்.

செயற்குழுவின் ஒப்புதலோடு ஓர் ஏற்பாடு தொடங்கியிருக்கிறோம். குழந்தை பிறந்த வீட்டில் பாட்டி புறப்படும் நாளிலிருந்து நாற்பது நாள், முறை வைத்து ஒரு வீட்டார் இரவுச் சோறு கொண்டு கொடுக்கவேண்டும். பிற்பகலில் ஒருவர் இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள, தாய் உறங்கவேண்டும். போகிறவர்கள் அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். குழந்தை கறுப்பா சிவப்பா, யார் சாயல், பால் உண்டா என்பனவும் அதில் அடங்கும். இரவுப்பணியாளர் பகலில் உறங்க, நூலகத்துப் பின்னறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் பல மொழிகளில் பேசுவார்கள். அவ்வெண்ணை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறோம்.

முறைப் பதிவேடு வாயிலருகே மேசைமீது இருக்கிறது. தெற்கு வரிசையில் ஒரு வீட்டில் பிறந்த பெண்குழந்தைக்கு வரும் ஞாயிறன்று முப்பத்தெட்டு நாள் நிறைகிறது. அதன் பாட்டி செவ்வாய்க்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். முதல் வாரத்து இரவுச் சோற்றுக்கு இதுவரை மூன்று வீட்டார் பெயர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் நான்கு நாள் வெறுமையாக இருக்கிறது. சிற்றுண்டிக்குப் போகுமுன் அப்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.