நஷ்டம் தோட்டத்தில், சண்டை வீட்டில்: சனி ஞாயிறு விவசாயம் பார்க்கிற குடும்பங்களுக்கு

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி லேசாகத் திருத்தியது.)

டவுனில் வேலை பார்த்துக்கிட்டே ஊர்ப்பக்கம் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வாங்கி, சனி ஞாயிறு போய்ப் பார்த்துக்கிற குடும்பங்களைப் பற்றித்தான் இந்த எபிசோடில் பேசப் போறேன். எங்களுடையதும் அப்படி ஒரு குடும்பம்தான். வீடு கோயமுத்தூரில், தோட்டம் உடுமலைக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர். என் வீட்டுக்காரர், நான், மாமனார், மாமியார், ஒரு பொண்ணு, ஒரு பையன். மொத்தம் ஆறு பேர்.

தோட்டம் வாங்கணும்னு ஆசைப்படுறவங்க எங்ககிட்ட நிறையக் கேட்பாங்க. ஏக்கர் என்ன விலை, தண்ணி எத்தனை அடியில், பட்டா சிட்டா வில்லங்கம் எல்லாம் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது, என்ன வச்சா நாலு காசு பார்க்கலாம். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா, "முதல் தடவை நஷ்டம் வந்த அன்னைக்கு உங்க வீட்டில் என்ன நடந்தது?"ன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. எங்களைச் சுற்றியே ஆசையாகத் தோட்டம் வாங்கி, நாலு வருஷத்தில் விற்றுவிட்டுப் போன குடும்பங்கள் இருக்கு. அவங்களில் பலருக்குக் கையில் பணம் இருந்தது. தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிச்சாலே வீட்டில் சண்டைங்கிற நிலைமை வந்து, அதுக்கு மேல முடியாமல் விற்றாங்க. அதனால் எங்களுக்கு வந்த சில அடிகளையும், ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்குள் என்ன பேசி முடிவு செஞ்சோம்ங்கிறதையும் வரிசையா சொல்றேன்.

முதல் அடி: தண்ணி

2016 தொடக்கத்தில் வாங்கினோம். ஒன்றரை ஏக்கரில் சுமார் 100 தென்னை, மீதி வெறும் நிலம். கிணற்றில் தண்ணி நின்னுது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. தமிழ்நாடு முழுக்க வழக்கமான மழையில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டம்னு அரசு அறிவிச்சது பலருக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் மாசம் எங்க கிணறு காய்ஞ்சது. போர் போட்டோம். 850 அடி வரைக்கும் போச்சு, புழுதிதான் பறந்தது.

வெயில் காலத்தில் சொட்டுநீரில் விட்டாலே ஒரு காய்க்கிற தென்னைக்கு ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் வேணும். 100 மரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, தினமும் ஒரு டேங்கர் லாரி. வாரத்துக்கு ஏழு லோடு வாங்க யாரால் முடியும்?

இன்னொரு போர் போடலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னார். மாமா அதுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஒரு போர் போச்சுன்னு அடுத்த போர், அது போச்சுன்னு அதுக்கடுத்த போர்னு போட்டவனெல்லாம் கடைசியில காட்டையே வித்துட்டுப் போனதைப் பாத்திருக்கறேன் சாமி." என் கையில் பாஸ்புக் இருந்தது. முதல் போருக்குக் கொடுத்த பணம், அந்த ஜூன் மாசம் பிள்ளைகளுக்குக் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ். அதையும் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடலை.

அடுத்த நாள் காலையில் மாமா சுண்ணாம்பு டப்பாவோட மரம் மரமாப் போனார். நல்லாக் காய்க்கிற 60 மரத்துக்கு மட்டும் சுண்ணாம்பில் கோடு போட்டார். வாங்குகிற தண்ணி அந்த 60 மரத்துக்கு மட்டும். மீதி மரங்களுக்கு வட்டப்பாத்தியில் உரிமட்டையைப் புதைச்சு, மேல காய்ஞ்ச ஓலையைப் பரப்பி மூடினோம். மட்டை தண்ணியைப் பிடிச்சு வைக்கும், ஓலை மண்ணில் வெயில் படாமல் பார்த்துக்கும். இது நம்ம ஊர் பழைய முறைதான். அந்த இரண்டு மாசம் ஆறு பேரும் மட்டை சுமந்தோம். 22 மரம் போச்சு. மீதி நின்னுது.

அந்தக் கோடையில்தான் மூணு விஷயம் பேசி வச்சோம். இன்னைக்கு வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சட்டம்.

ஒண்ணு, உச்சவரம்பு. தோட்டத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான். அந்தப் பணம் மொத்தமாப் போனாலும் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கடன், பெரியவங்க மருந்து, இந்த மூணையும் தொடக்கூடாது. அதுக்கு மேல ஒரு ரூபாய் வேணும்னாலும் பெரியவங்க நாலு பேரும் சரின்னு சொல்லணும்.

ரெண்டு, துறை. ஒவ்வொரு வேலைக்கும் ஒருத்தர்தான் பொறுப்பு. மரமும் தண்ணியும் மாமா. ஆடு கோழி அத்தை. மோட்டார், சொட்டுநீர், வேலி என் வீட்டுக்காரர். கணக்கும் விற்பனையும் நான். மற்றவங்க யோசனை சொல்லலாம், முடிவு அந்தத் துறைக்காரருடையது.

மூணு, முடிவு தப்பாப் போனா "நான் அப்பவே சொன்னேன்"ங்கிற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. கேட்க லேசா இருக்கும். மூணிலும் கஷ்டமானது இதுதான்.

இரண்டாவது அடி: கோழி

அத்தை 40 நாட்டுக்கோழி வச்சிருந்தாங்க. ஒரு கோடையில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்கழிச்சல் பரவி, எங்களுக்கும் வந்தது. இது வைரஸ் நோய், வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. ஒரே வாரத்தில் 31 கோழி போயிருச்சு. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம்.

பணமாப் பார்த்தா போரில் போனதில் கால்வாசி கூட இல்லை. ஆனா அத்தை அதுக்கப்புறம் மூணு வாரம் தோட்டத்துக்கே வரலை. "எனக்கு இனி வேண்டாம் அம்மிணி, என்னால ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. துறை பிரிச்சுக் கொடுப்பதில் இப்படி ஒரு சங்கடம் இருக்குங்க. நஷ்டம் வரும்போது அது ஒருத்தர் தலையில் மட்டும் விழுந்த மாதிரி ஆயிடும். அதனால், பொறுப்பு ஒருத்தருடையதா இருந்தாலும் நஷ்டம் எல்லாருடையதும்தான்னு வாயைத் திறந்து சொல்லணும். நான் கணக்கு நோட்டில் அந்தச் செலவை "கோழி"ன்னு எழுதாமல் "குடும்பம்"னு எழுதி அத்தையிடம் காட்டினேன். சிரிச்சாங்க.

திரும்ப ஆரம்பிக்கும்போது என் பொண்ணு ஒரு காலண்டர் போட்டாள். குஞ்சு பொரிச்ச 7ஆவது நாள் கண்ணிலும் மூக்கிலும் விடுகிற சொட்டு மருந்து, 8ஆவது வாரம் இறக்கையில் தோலுக்கடியில் போடுகிற ஊசி. தேதியை எழுதிக் கோழிக்கூண்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டாள். அப்போ அவளுக்கு 13 வயசு. அந்த வாரத்திலிருந்து அத்தை துறையில் ரெண்டு பேர்.

மூன்றாவது அடி: வெள்ளை ஈ

தென்னையில் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் முதன்முதலா 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டுபிடிச்சாங்க. எங்களுக்கு அது பக்கத்து ஊர். ஓலைக்கு அடியில் சுருள் சுருளா வெள்ளையாப் படியும். அது கழிக்கிற இனிப்புத் திரவம் கீழ் ஓலையில் விழுந்து, அதுமேல கரும்பூசணம் பிடிச்சு, மரமே புகையில் நின்ன மாதிரி கறுத்துப் போயிடும்.

மருந்து அடிச்சே ஆகணும்னு ஒரு பக்கம், வேரில் மருந்து கட்டணும்னு இன்னொரு பக்கம். என் வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் பெரிய வாக்குவாதம். மரம் மாமா துறை, அவர் முடிவுதான் நிக்கணும். அவர் வேளாண்மைத் துறைக்காரங்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். கடுமையான பூச்சிக்கொல்லி அடிச்சா, அந்த ஈயை அழிக்கிற என்கார்சியாங்கிற சின்னக் குளவியும் சேர்ந்து செத்துப் போகும். அதனால் மருந்து வேண்டாம்னு முடிவெடுத்தார். விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம். ஓலைக்கு அடியில் தண்ணியை விசையா அடிச்சோம். கரும்பூசணத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கணக்கில் மைதா பசை காய்ச்சித் தெளிச்சோம். அது காய்ஞ்சு உரியும்போது கறுப்பும் சேர்ந்து உரிஞ்சு வரும்.

காய்ப்பு குறைஞ்சதுங்க. இரண்டு வருஷம் தேங்காய்ப் பணம் பாதியா வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தடவை கூட "நான் அப்பவே சொன்னேன்"னு சொல்லலை. நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

யார் வேண்டாம்னு சொன்னாலும் நிறுத்துகிற விஷயம்

கடலை போட்டோம், காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டது. வேலிக்கம்பியில் ராத்திரி மட்டும் கரண்ட் விடச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். மின்கம்பியிலிருந்து நேரா வேலிக்குக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட வேலியில் யானையும் செத்திருக்கு, வேலைக்கு வந்த மனுஷங்களும், அந்தத் தோட்டத்துக்காரங்களே கூடச் செத்திருக்காங்க. வேலி என் வீட்டுக்காரர் துறை. அவர் வாயைத் திறக்கும் முன்னாடியே என் பையன் "வேண்டாம்ப்பா"ன்னு சொன்னான். அன்னைக்கு நாலாவது சட்டம் வந்தது. உயிருக்கு ஆபத்துள்ள விஷயத்தில், துறை யாருடையதா இருந்தாலும், ஆறு பேரில் ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அது நடக்காது. கிணற்று மேடை, ரோட்டவேட்டர், பாம்பு இருக்கிற புதர், எல்லாத்துக்கும் இதுதான். நாங்க கடலை போடுவதையே விட்டுவிட்டோம்.

நோட்டில் ஏறாத வேலை

இதைப் பெண்கள் கேட்கணும், ஆண்கள் கண்டிப்பாகக் கேட்கணும். சனிக்கிழமை தோட்டம்னா, வெள்ளிக்கிழமை ராத்திரியே எனக்கு வேலை தொடங்கிவிடும். ஆறு பேருக்குச் சாப்பாடு, மாற்றுத்துணி, மாத்திரை. ஞாயிறு ராத்திரி வந்து சேத்துத் துணி துவைக்கணும், திங்கள் காலையில் ஆபீஸ். அவங்களுக்கெல்லாம் தோட்டம் ஓய்வு, எனக்கு ரெண்டாவது அடுப்படி. ஒரு மாசம் பணத்தோட சேர்த்து ஒவ்வொருத்தரும் எத்தனை மணி நேரம் வேலை செய்யறோம்னும் எழுதினேன். எதுவும் பேசலை, நோட்டை மட்டும் மேஜையில் வச்சேன். இப்போ தோட்டத்தில் மதியச் சாப்பாடு என் வீட்டுக்காரரும் பையனும் பொறுப்பு. பெரும்பாலும் தக்காளிச் சோறுதான். மாசத்தில் ஒரு வாரம் யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை, பையனுக்கு அன்னைக்கு கிரிக்கெட்.

நிறுத்தி வைக்கவும் தெரியணும்

2022இல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. பயணம் கூடாது, வெயில் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். தோட்டம் அவர் கண்ணில்தான் ஓடிக்கிட்டிருந்தது. எந்த மரத்தடியில் எந்த வால்வு, எந்த மரம் எந்த மாசம் குரும்பை கொட்டும், எல்லாம் அவர் தலைக்குள்ளே. "என்னால தோட்டம் போகுதா?"ன்னு அவர் அத்தையிடம் கேட்டிருக்கார்.

அப்போ உச்சவரம்பு எங்களைக் காப்பாத்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவு போக அந்த வருஷம் தோட்டத்துக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லை. நோட்டைப் பார்த்து நிதானமா முடிவெடுத்தோம்: ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தண்ணி மட்டும் விடுவார், அந்த வருஷத்துத் தேங்காய் அவருக்கு. ஆட்டை விற்றோம். கோழியையும் அவரிடமே கொடுத்தோம். யாரும் யாரையும் குறை சொல்லலை.

அந்த வருஷம் பொண்ணு தினமும் சாயங்காலம் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு பண்ணினாள். "அப்பாரு, மேக்கால மூலையில இருக்கற மரத்தைப் பத்திச் சொல்லுங்க"ன்னு ஆரம்பிப்பாள், அவர் ஒரு மணி நேரம் பேசுவார். பையன் அதையெல்லாம் ஒரு வரைபடமாக்கினான். அடுத்த வருஷம் திரும்ப ஆரம்பிச்சப்போ மரம் பொண்ணு துறை. மாமா இப்போ மாசத்துக்கு ஒரு தடவை வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் யோசனை சொல்றார். கேட்காமலும் சொல்வார், அது வேற விஷயம்.

தோட்டம் வாங்கப் போறவங்க, முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டில் எல்லாரையும் உட்கார வச்சு நாலு கேள்வி கேளுங்க. எவ்வளவு போனால் நம்ம வீடு தாங்கும்? எந்த வேலைக்கு யார் முடிவெடுப்பார்? இதனால் யாருக்கு ஓய்வு நாள் போகும், அதை எப்படி ஈடு கட்டுவோம்? ஒரு வருஷம் நிறுத்த வேண்டி வந்தால் யார் தண்ணி விடுவார்? இந்த நாலுக்கும் பதில் இல்லைன்னா நிலம் எங்கேயும் ஓடிவிடாது, ஆறு மாசம் கழிச்சு வாங்கலாம்.

வாங்கிவிட்டவங்களும் இன்னைக்கே ஒரு 40 பக்க நோட்டு வாங்கிடுங்க. செலவு, வரவு, மழை, யார் எத்தனை மணி நேரம் வேலை செஞ்சாங்க, நாலையும் எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அதை வாசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டில் இதை வேற மாதிரி சமாளிச்சிருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.