உழைக்கும் இதயமும் மாயும் உயிரணுவும்



தாதர் நிலையத்தின் படிகளை ஒரே மூச்சில் ஏறி, புறப்படும் வண்டியைப் பிடிப்பதில் மும்பைத் தமிழராகிய நாம் எவர்க்கும் இளைத்தவர் அல்லோம். அவ்வேளையில் நம் நெஞ்சினுள் நிகழ்வது யாது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஓய்ந்திருக்கையில் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. கடும் உழைப்பில் அது 20 லிட்டர் வரை உயரும். உடலுக்கெல்லாம் படியளக்கும் இவ்வுறுப்பின் சொந்த நிலையோ இரங்கத்தக்கது. ஏனைய தசைகள் தம்மிடம் வரும் பிராணவாயுவில் ஒரு பகுதியையே ஓய்வில் எடுத்துக்கொள்ளும். தேவை மிகுந்தால் மிச்சத்தையும் எடுக்கலாம். இதயத்தசையோ ஓய்விலேயே பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. ஆதலின் வேலை மிகும்போது அதற்கு மேலும் குருதியே வேண்டும். அதுவும் இதயம் தளரும் கணத்திலேதான் பெரிதும் பாய்கிறது. துடிப்பு விரைய விரைய அக்கணம் குறுகுகிறது. நல்ல தமனிகள் விரிந்து ஈடு செய்யும். கொழுப்புப் படிந்து குறுகிய தமனிகள் என் செய்யும்?

உழைப்பே இதயத்திற்குப் பகை என்று எவரும் கொள்ளற்க. நாள்தோறும் நடப்பவர் இதயம் உரம் பெறுகிறது. அஞ்சத்தக்கது, ஆண்டெல்லாம் நாற்காலியில் இருந்தவர் ஒரு நாள் திடீரெனப் பெருஞ்சுமை தூக்குவதே. அட்ரினலின் பெருகி, குருதியழுத்தம் எழும்பி, தமனியின் கொழுப்புப் படிவு கிழிந்தால், அவ்விடத்துக் குருதி உறைந்து வழி அடைபடும்.

முற்றிலும் அடைபட்டால் ஏறத்தாழ 20 நிமிடம் தசை பொறுக்கும். அப்பால் உட்சுவரிலிருந்து வெளிநோக்கி உயிரணுக்கள் அலையலையாய் மடிகின்றன. சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். போனது மீளுமோ? அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐக் கொண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2009இல் இதனைக் கணக்கிட்டனர். 25 வயதில் இதயத்தசையணுக்களில் ஆண்டுக்கு 100க்கு 1 வீதமே புதிதாகின்றன. 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. மடிந்த இடத்தைத் தழும்பே நிரப்புகிறது. தழும்பு துடிப்பதில்லை.

நெஞ்சு அழுத்தி, கை கனத்து, வேர்வை பெருகும்போதும், வாய்வு என்று சுக்குக் கஷாயம் வைப்பது நம் இல்லங்களின் வழக்கம். கஷாயம் கொதித்து ஆறுவதற்குள் அந்த 20 நிமிடம் போய்விடுகிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரோ, பிள்ளைகளை அலைக்கழிக்கலாகாதென்று வாய் திறப்பதே இல்லை. முதியோர்க்கும் நீரிழிவுடையார்க்கும் வலியே இன்றி மூச்சுத்திணறல் மட்டும் வருவதும் உண்டு. தமிழகத்தில் அவர்கள் அறிந்த அதே 108தான் இங்கும் நோயாளர் வண்டிக்குரிய எண். இன்றிரவே இதை அவர்களிடம் சொல்லி வைப்போம்.