ஒரே பாயில் உட்காரும் பள்ளிக்கூடம்



பூதப்பாண்டியில் நின்று பேசுகிறவன் ஜீவாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1907இல் இந்த ஊரில் பிறந்த சொரிமுத்துதான் பின்னாளில் ப. ஜீவானந்தம். பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவை நாடறியும். வாத்தியார் ஜீவாவைப் பற்றி நாம் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம்.

1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுக்கு உழைக்கும் பிள்ளைகளை வளர்த்தெடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. அவருடைய தியாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே சோறு போடும் இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! அந்தப் பந்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. குருகுலத்தில் இருந்த ஜீவா அதைப் பொறுக்காமல் வெளியேறினார். வெளியேறி என்ன செய்தார்? காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயல் கிராமத்தில் ஆசிரமம் நடத்தினார். தீண்டாமை சொல்லி ஊர் ஒதுக்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தியடிகள் சிராவயலுக்கே போய் அவரைப் பார்த்தார். அப்போது ஜீவாவுக்கு வயது 20. இந்த அவையில் அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

ஒரே பந்தி நமக்குப் புதிய சங்கதி இல்லை. சாமித்தோப்பில் வைகுண்டசாமி 1830-களிலேயே எல்லாரையும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளிக்க வைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார். அந்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் அதே கணக்குதான். என்ன பாடம் நடத்துகிறோம் என்பது பிறகு. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், அதை முதலில் பாருங்கள்.

நான் மூன்று வருஷமாக ஒரு வீட்டுப் படிப்புரையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். காசு கிடையாது, சேர்க்கைப் படிவம் கிடையாது. செங்கல்சூளையில் வேலை பார்க்கும் வடமாநிலக் குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று வந்தது. எட்டு வயது. ஒரு சொல் தமிழ் தெரியாது. அவளுக்குப் பக்கத்தில் காது கேளாத ஒரு பையன். இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையன் டவுசர் பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்தான். ஏழு கொட்டைகளை வரிசையாக வைத்தான். சிலேட்டில் ‘ஏழு’ என்று எழுதி அவள் பக்கம் தள்ளினான். அவள் தன் பாஷையில் “சாத்” என்றாள். அவன் அவள் உதட்டையே பார்த்தான். அவள் சிலேட்டை வாங்கி, அந்த எழுத்தின் மேலேயே விரலை ஓட்டினாள். அன்றைக்கு நான் வாய் திறக்கவே இல்லை, மக்களே. பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்தேன், அவ்வளவுதான் என் வேலை.

2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். நூற்றில் அந்த மீதி எட்டுப் பேருடைய வாசலுக்கும் யாராவது போயாக வேண்டாமா?

போயிருக்கிறார்கள். 1990-களில் அறிவொளி இயக்கத்துத் தொண்டர்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தார்கள். அண்டி ஆபீசில் முந்திரிக் கொட்டை உடைத்து விரல் கறுத்த பெண்கள் வாழும் மாவட்டம் இது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அன்று ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்தது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். தினமும் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்காகவா அந்த உழைப்பு?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்க ஆசையோடு வந்து மூன்று வாரத்தில் நின்றுவிடாதீர்கள். நீங்கள் வராத நாளில் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வாரம் இரண்டு மாலை போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, கணக்கு நன்றாக வரும் கடைக்கார அண்ணாச்சிகளே, எல்லாரும் வேண்டும்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரை எழுதுங்கள், எந்த இரண்டு நாள் வருவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பாய் விரித்திருப்போம்.